காதில் ஊற்றிய எண்ணெய்

— திராட்சை நல்லா விளைஞ்சிருக்கு, மைன் ஆத்துல தண்ணி இறங்கிடுச்சு, மாதா கோயிலுக்குப் புது சாமியார் வந்திருக்காரு. அரை மணி நேரமா இதையேதான் பேசறீங்க டாக்டர் ஐயா. இதச் சொல்லவா பட்டணத்துலேர்ந்து வண்டி கட்டிக்கிட்டு வந்தீங்க?

— இல்லை ரெகீனா அம்மா. அதாவது... எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலை.

— மொதல்ல நாற்காலில நல்லா சாஞ்சு உக்காருங்க. காதுக்குன்னே வைத்தியம் பாக்கற டாக்டர் அம்ரைன்! பெர்லின்லேர்ந்துகூட ஆளுங்க தேடி வர்றாங்கன்னு சொல்றாங்க. நீங்க என்னடான்னா ஒரு பீப்பாய்க்காரர் வீட்டுல தொப்பிய மடியில வெச்சுக்கிட்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உக்காந்திருக்கீங்க.

— பரீட்சைதான். நான் கிலியானைப் பத்திப் பேச வந்தேன்.

— என் வீட்டுக்காரரைப் பத்தியா? அவரு பேரை வெளியாள் யாரும் இந்த வீட்டுல சொல்லி எத்தனையோ காலம் ஆச்சு.

— ஒன்பது வருஷம், ரெண்டு மாசம்.

— உங்களுக்கு இவ்வளவு துல்லியமா ஞாபகம் இருக்கா? உங்க கையில எத்தனை பேரு பொழைச்சிருப்பாங்க, எத்தனை பேரு போயிருப்பாங்க.

— மத்தவங்க நாள் எல்லாம் மறந்து போச்சு. இது மறக்கலை. அன்னிக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

— என்ன கேள்வி ஐயா இது? சின்னப் பிள்ளையில மணல்வாரி அம்மை போட்டதிலேர்ந்து அவருக்கு வலது காதுல சீழ் வடியும். பஞ்சை அடைச்சுக்கிட்டே பீப்பாய் அடிப்பாரு. அந்த வருஷம் காதுக்குப் பின்னாடி கோழி முட்டையாட்டம் வீங்கிடுச்சு. காய்ச்சல் வேற. வலி தாங்காம தலையக் கொண்டுபோய்ச் சுவத்துல முட்டுவாரு. பட்டணத்துல காதுக்குன்னு ஒரு டாக்டர் இருக்காராம்னு யாரோ சொன்னாங்க. அவரோட அண்ணன், எங்க பெரிய மச்சான் பூர்க்கார்டு சிரிச்சாரு. காதுக்கு ஒரு டாக்டர்னா கட்டை விரலுக்கு யாரைப் பாக்கறதுன்னு கேட்டாரு.

— என்கூடப் படிச்சவங்களே அப்படித்தான் சிரிச்சாங்க. காதுல தண்ணிய அடிச்சுக் கழுவறதுக்கு ஒரு டாக்டர் எதுக்கு, ஒரு வண்ணாத்தி போதாதான்னு கேட்டாங்க.

— ஆனா நீங்க வந்தீங்க. நெத்தியில ஓட்டை போட்ட கண்ணாடியக் கட்டிக்கிட்டு, ஜன்னல் வெளிச்சத்த அதுல பிடிச்சு அவரு காதுக்குள்ள பாத்தீங்க. எலும்பைத் திறந்து சீழை வெளிய எடுக்கணும், இல்லைன்னா மூளைக்குப் போயிடும்னு சொன்னீங்க. இதோ, இப்ப நீங்க கை வெச்சிருக்கீங்களே, இதே மேசையிலதான் படுக்க வெச்சோம்.

— தெரியும். உள்ள வந்ததுமே பாத்தேன்.

— எங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டீங்க. கதவுக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டுச்சு. பீப்பாய் அடிக்கற வீடு, சுத்தியல் சத்தம் எனக்குப் பழக்கம்தான். ஆனா அன்னிக்குக் கேட்ட சத்தம்... அத விடுங்க. நாலாம் நாள் செத்துப் போனாரு. இப்ப எதுக்கு அத எல்லாம் கிளறறீங்க?

— ஏன்னா அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு வெளிய வந்து நான் ஒரு கேள்வி கேட்டேன்.

— ஆமா. கேட்டீங்க.

— வீட்டுல யாராவது அவரு காதுல ஏதாவது ஊத்துனீங்களான்னு கேட்டேன்.

— வெங்காயம் போட்டுக் காய்ச்சின எண்ணெய ஊத்தினேன்னு நான் சொன்னேன். வலி தாங்காம கத்துறாரேன்னு, முந்தின நாள் சாயங்காலம்.

— அதாவது, நீங்க அப்படிச் சொன்னதும் நான் என்ன சொன்னேன்?

— அதுதான் கெடுத்துச்சு, எண்ணெய் உள்ள போய்ச் சீழைக் கிளப்பி மூளைக்கு ஏத்திடுச்சு, இனிமே என் கையில இல்லைன்னு சொன்னீங்க. சாமியார் இருந்தாரு, பூர்க்கார்டு மச்சான் இருந்தாரு, அவரைப் பெத்த அத்தை இருந்தாங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் சொன்னீங்க.

— அது பொய், ரெகீனா அம்மா.

— என்னது?

— எண்ணெயால அவரு சாகலை. வெதுவெதுப்பான எண்ணெய ரெண்டு சொட்டு விட்டா ஒரு மனுஷன் சாக மாட்டான். நான்தான் கொன்னேன். என் உளி.

— இன்னொரு தரம் சொல்லுங்க.

— என் உளிதான் கொன்னுச்சு. அதாவது, காதுக்குப் பின்னாடி இருக்கற எலும்புக்கு உள்பக்கமா மூளையிலேர்ந்து கெட்ட ரத்தம் இறங்கற பெரிய நாளம் ஒண்ணு ஓடுது. சாதாரணமா ஒரு விரற்கடை பின்னாடி தள்ளி இருக்கும். கிலியானுக்கு முன்னாடியே இருந்துச்சு. எனக்கு அது தெரியலை. கடைசி அடிய அடிச்சேன், உளி ஒரு நெல் அளவு கூடுதலா இறங்கிடுச்சு. கறுப்பா ரத்தம் பீறிட்டு வந்துச்சு. துணிய வெச்சு அடைச்சேன். நின்னுச்சு. ஆனா அழுக்கு உள்ள போயிடுச்சு. அப்பவே எனக்குத் தெரியும், இவரு ஒரு வாரம் தாங்க மாட்டாருன்னு.

— தெரிஞ்சுக்கிட்டேதான் வெளிய வந்து அந்தக் கேள்விய கேட்டீங்களா?

— கேட்கும்போது ஒரு திட்டமும் இல்லை. வாய்ல வந்துடுச்சு. எல்லார் வீட்டுலயும் கேக்கற கேள்விதான். ஆனா நீங்க ‘ஊத்தினேன்’னதும், முழுகப் போறவன் கையில கட்டை சிக்கின மாதிரி ஆயிடுச்சு. பிடிச்சுக்கிட்டேன்.

— நான்தான் அந்தக் கட்டை.

— ஆமா.

— கொஞ்சம் இருங்க. அடுப்புல பால் வெச்சிருக்கேன், பொங்கிடப் போகுது... ம். சொல்லுங்க. எதுக்குப் பொய் சொன்னீங்க? ஜெயில்ல போட்டுடுவாங்கன்னா?

— இல்லை. ஒரு டாக்டர் கையில நோயாளி செத்தா ஜெயில்ல போட மாட்டாங்க. எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, டென்மார்க்குல ஒரு அரண்மனை வைத்தியருக்கு இதே எலும்பைத் திறந்தாங்க. அவரு செத்துட்டாரு. அதுக்கப்புறம் எந்த டாக்டரும் அந்த எலும்புல கை வைக்கப் பயந்தான். சீழ் மூளைக்குப் போய் ஆயிரக்கணக்குல ஜனங்க செத்துக்கிட்டே இருந்தாங்க. திறந்தா பொழைக்க வைக்கலாம்னு எனக்குத் தெரியும். செத்தவங்க எலும்பை நூத்துக்கணக்குல அறுத்துப் பாத்திருக்கேன். உசுரோட இருக்கறவங்கள்ல கிலியான் மூணாவது ஆளு. முதல் ரெண்டு பேரும் பொழைச்சாங்க. மூணாவது ஆள் என் உளியால செத்தான்னு வெளிய தெரிஞ்சா, அந்தக் கதவை இன்னும் எழுபது வருஷத்துக்கு மூடிடுவாங்கன்னு பயந்தேன்.

— பெரிய நியாயமாத்தான் இருக்கு.

— அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். என் பேர் கெட்டுடும்ங்கற பயமும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. அத மட்டும் சொல்லிக்கலை.

— அதுக்கப்புறம் எத்தனை பேருக்குத் திறந்தீங்க?

— நாப்பத்தொரு பேருக்கு. முப்பத்தி நாலு பேர் பொழைச்சாங்க.

— அந்த முப்பத்தி நாலு பேருக்கும் தெரியுமா, இந்த ஊர்ல ஒருத்தி பழி சுமந்ததாலதான் நாம உசுரோட இருக்கோம்னு?

— தெரியாது.

— என்னை இந்த ஊர்ல எப்படிக் கூப்பிடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எண்ணெய்க்காரி. நேர்ல ரெகீனா, முதுகுக்குப் பின்னாடி எண்ணெய்க்காரி. கோயில் திருநாளுக்கு எல்லாரும் வீட்டுலேர்ந்து கேக்கு சுட்டுக்கிட்டுப் போவாங்க. என் தட்டு மட்டும் போட்டது போட்டபடி திரும்பி வரும். ஒரு துண்டு குறைஞ்சிருக்காது. மூணு வருஷம் கொண்டுபோனேன். அப்புறம் விட்டுட்டேன். பிரஷ்யாக்காரன் வந்து பட்டணத்துல குண்டு போட்டானே, அந்த வருஷம், தோணி ஓட்டற ஃபைட்டுன்னு ஒருத்தரு என்னைக் கட்டிக்கறேன்னாரு. நல்ல மனுஷன். அவங்கம்மா வீடு தேடி வந்து, என் பிள்ளைக்குக் காது வலிச்சா நீ என்ன ஊத்துவேன்னு கேட்டா. அதோட முடிஞ்சுது.

— எனக்கு இதெல்லாம்...

— தெரியாதுன்னு சொல்லாதீங்க. நீங்க கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

— சரி. கேட்கலை. கேட்கப் பயமா இருந்துச்சு.

— அப்ப இன்னிக்கு மட்டும் எங்கேர்ந்து தைரியம் வந்துச்சு? பாவசங்கீர்த்தனத்துல பாவத்தச் சொன்னதும் புது சாமியார் சொல்லி அனுப்பினாரா?

— இல்லை. ஒரு கடுதாசி வந்துச்சு. கோனிக்ஸ்பெர்க்ல ஒரு இளம் டாக்டர், நான் எழுதினதைப் படிச்சு அதே மாதிரி எலும்பைத் திறந்திருக்காரு. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோட பொண்ணு, பதினோரு வயசு. நான் எழுதின இடத்துலதான் உளிய வெச்சாராம். கறுப்பா ரத்தம் வந்துச்சாம். ‘ஐயா, உங்க அனுபவத்துல இப்படி எப்பவாவது நடந்திருக்கா? நான் எங்க தப்பு பண்ணேன்?’னு கேட்டு எழுதியிருக்காரு.

— பொண்ணு?

— செத்துட்டா. அதாவது, சில பேருக்கு அந்த நாளம் முன்னாடி தள்ளி இருக்கும்னு நான் ஒரு வரி எழுதியிருந்தா போதும், அந்தக் குழந்தை பொழைச்சிருக்கும். எழுதலை. எழுதினா எப்படித் தெரியும்னு கேப்பாங்களே. கிலியானைப் பத்தி நான் எழுதினது என்ன தெரியுமா? ‘நோயாளியின் மனைவி வீட்டு வைத்தியம் செய்ததால் இறந்தார்.’

— அச்சுல போட்டிருக்கீங்களா? என்னைய?

— பேர் இல்லாம. இப்போ புதுப் புத்தகம் எழுதறேன். நடந்தது நடந்தபடி எழுதப் போறேன். அது வெளிய வர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட என் வாயால சொல்லணும்னு வந்தேன். சாமியார்கிட்டயும் சொல்றேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு எல்லார் முன்னாடியும் சொல்லச் சொன்னாலும் சொல்றேன். இன்னொண்ணும் இருக்கு.

— இன்னும் என்ன பாக்கி?

— இந்தப் பெட்டி. அன்னிக்கு, அதாவது அவரு செத்தப்புறம், எலும்பைப் பாக்கணும்னு கொஞ்ச நேரம் தனியா விடச் சொன்னேன் இல்லையா? பாத்துட்டு நான் திருப்பி வைக்கலை. எடுத்துட்டுப் போயிட்டேன்.

— சேசுவே! அவரை முழுசாப் புதைக்கலையா நாங்க?

— காதுக்குப் பின்னாடி இருந்த எலும்பு, அவ்வளவுதான். ஒன்பது வருஷமா என் அலமாரியில இருக்கு. உளி பட்ட தடம் தெரியும்.

— திறக்காதீங்க! ...இல்லை. திறங்க. குடுங்க இப்படி.

— இந்த இடம். விரலை வெச்சுப் பாருங்க.

— இவ்வளவுதானா? இது நகத்தால கீறின மாதிரி இருக்கு.

— அவ்வளவுதான்.

— இத வெச்சா ஒன்பது வருஷம்... மூடுங்க. கல்லறைத் திருநாள் அன்னிக்குக் குழியத் திறக்கச் சொல்லி அவருகூட வெச்சுடறேன். நீங்க படம் கிடம் வரையணும்னா அதுக்குள்ள வரைஞ்சுக்கங்க. அந்தக் கோனிக்ஸ்பெர்க் டாக்டருக்கு அனுப்புங்க.

— நீங்க என்னைத் திட்டலாம். அடிக்கலாம். அதுக்குத் தயாராத்தான் வந்தேன்.

— அடிச்சா என்ன ஆகப்போகுது? ஐயா, நீங்க ஆள் மாறி வந்து சொல்லிக்கிட்டு இருக்கீங்க.

— புரியலை.

— எண்ணெய் ஊத்தினது நான் இல்லை.

— என்ன சொல்றீங்க? நீங்கதானே அன்னிக்கு...

— அன்னிக்குச் சொன்னேன். ஊத்தினது அவரைப் பெத்தவங்க. எங்க அத்தை. நான் அப்போ பட்டறையில இருந்தேன். நீங்க கதவைத் திறந்து கேட்டப்ப அத்தை எனக்குப் பக்கத்துல நின்னுட்டு இருந்தாங்க. தலைத்துணிய வாயில வெச்சு அமுக்கிக்கிட்டு என்னையே பாத்தாங்க. பூர்க்கார்டு மச்சான் குடிச்சிருந்தாரு. அவரு குடிச்சா அம்மான்னும் பாக்க மாட்டாரு. தம்பி மேல உசுரு அவருக்கு. பிள்ளையப் பறி கொடுக்கப் போற மனுஷிக்கு இதுவும் வேணுமான்னு தோணுச்சு. எனக்கு இருபத்தேழு வயசு, என்னால தாங்க முடியும்னு நெனைச்சேன். வாயத் திறந்து ‘நான்தான்’னுட்டேன்.

— கடவுளே. அப்ப அவங்க?

— ஊருக்குத் தெரியலை. அவங்களுக்குத் தெரியுமே. நீங்க சொன்னது அப்படியே அவங்க மனசுல பதிஞ்சு போச்சு. பெரிய டாக்டர் சொல்லிட்டாரு, என் கையால என் பிள்ளைய நானே கொன்னுட்டேன்னு. ஒன்பது வருஷமா ஒரு நாள் விடாம பூசைக்குப் போறாங்க. முட்டி ரெண்டும் காப்புக் காய்ச்சுப் போச்சு. வாரா வாரம் பாவசங்கீர்த்தனம். பழைய சாமியார் எத்தனையோ தரம், ‘அம்மா, எப்பவோ மன்னிச்சாச்சு, வீட்டுக்குப் போ’ன்னு சொல்லிப் பாத்தாரு.

— அவங்க இப்போ உயிரோட இருக்காங்களா?

— பின்கட்டுல முட்டைக்கோஸ் நறுக்கிக்கிட்டு இருக்காங்க.

— நான் அவங்ககிட்ட சொல்றேன். இப்பவே. உங்க கையால ஒண்ணும் ஆகலை, எல்லாம் நான்தான்னு சொல்றேன்.

— சொல்லுங்க. நல்லா சத்தமாக் கத்திச் சொல்லுங்க. தோட்டத்துல இடி விழுந்தாலும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

— காது கேக்காதா?

— மூணு வருஷமா சுத்தமாக் கேக்காது. ரெண்டு காதுலயும் சீழ் வடிஞ்சுது. பட்டணத்துக்குப் போலாம், டாக்டர் அம்ரைன்கிட்ட காட்டலாம்னு கெஞ்சினேன். வர மாட்டேன்னுட்டாங்க. ‘என் பிள்ளை காதுக்கு நான் பண்ணதுக்கு ஆண்டவர் என் காதுலயே கூலி குடுக்கறாரு, அத நான் மாத்தக் கூடாது’ன்னாங்க. தலகாணி எல்லாம் நனைஞ்சு கிடக்கும். ஒரு சொட்டு மருந்து விட விடலை.

— என் பொய்க்கு அவங்க ரெண்டு காதையும் குடுத்திருக்காங்க.

— நீங்களே சொல்லிட்டீங்க. நான் சொல்ல வேண்டாம்னு பாத்தேன்.

— எழுதிக் காட்டினா?

— எழுத்து தெரியாது. கண்ணும் மங்கல். சாப்பிடு, தூங்கு, மழை வருதுன்னு கையால காட்டுவேன். ‘நீ உன் பிள்ளையக் கொல்லலை’ன்னு எப்படி ஐயா கையால காட்டறது? காது கேட்ட நாள்ல ஆறு வருஷம் வாயால சொல்லிட்டேன். அப்பவே நம்பலை.

— என் பைய எடுங்க. அதுல ஒரு இரும்புக் கவட்டை இருக்கு. பாட்டு வாத்தியார் சுருதி சேக்கத் தட்டுவாரே, அது. அவங்கள இங்க கூட்டிட்டு வாங்க.

— அத வெச்சு என்ன பண்ணப் போறீங்க?

— காதோட வாசல் அடைஞ்சிருக்கா, இல்லை உள்ள இருக்கற நரம்பே செத்துப் போச்சான்னு பாக்கணும். நரம்பு உசுரோட இருந்தா மண்டை எலும்பு வழியாக் கேக்கும்.

— எலும்பு வழியாக் கேக்குமா? நெசமாவா? ...இருங்க, கூட்டிட்டு வர்றேன். அந்தப் பெட்டிய மொதல்ல உள்ள வைங்க. அவங்க கையில பிள்ளையோட எலும்பு பட்டா அந்த நிமிஷமே உசுரு போயிடும். சத்தியமாச் சொல்றேன், அதக் காட்டவே கூடாது. வாயால சொல்லுங்க, போதும்.

— சரி. காட்ட மாட்டேன்.

— வாங்க அத்தை, பாத்து வாங்க, படி இருக்கு. இப்படி உக்காருங்க.

— யாருடி இது ரெகீனா? வெளிச்சத்துக்கு எதிரா நிக்கறாரு, மொகம் தெரியல. கறுப்புக் கோட்டு. சாமியாரா? எனக்கு ஒண்ணும் முடியாமப் போயிடலியே, அதுக்குள்ள சாமியாரக் கூட்டியாந்துட்டியா?

— அம்மா, நான்தான்! டாக்டர் அம்ரைன்!

— கத்தாதீங்க ஐயா, பிரயோசனம் இல்லை. கிட்டப் போங்க. தாடியப் பாத்தாத் தெரிஞ்சுக்குவாங்க.

— ஓ! இவரா? காது டாக்டரு! ஆண்டவரே, எவ்வளவு நரைச்சுப் போச்சு. ரெகீனா, உனக்கு ஞாபகம் இருக்காடி, என் கிலியானுக்காக இந்த மனுஷன் நாலு நாளு வீட்டுக்கே போகாம உக்காந்திருந்தாரு. கண்ணெல்லாம் செவந்து போச்சு. பெத்தவ நான் கெடுத்ததுக்கு, பெக்காத இவரு ராவும் பகலும் முழிச்சாரு.

— கேட்டீங்களா டாக்டர் ஐயா? உங்களுக்காகத் தெனமும் செபம் சொல்றாங்க, தெரியுமா?

— போதும் ரெகீனா அம்மா. தலையப் பிடிச்சுக்கங்க, கவட்டைய நெத்தியில வைக்கறேன்.

— என்னாத்துக்கு நெத்தியில ஜில்லுன்னு... அய்! மணி! எங்கியோ மணி அடிக்குது! தலைக்குள்ள அடிக்குது! ரெகீனா, கோயில் மணியா இது?

— கேக்குது! ஐயா, அவங்களுக்குக் கேக்குது!

— நரம்பு உசுரோட இருக்கு. ஒரு நீளமான கட்டை வேணும். மரக் கரண்டி இருந்தாக்கூடப் போதும், நல்ல உறுதியான மரமா.

— கஞ்சி கிண்டற கரண்டி இருக்கு. இந்தாங்க.

— இந்த முனைய அவங்க பல்லால கடிக்கணும். மறுமுனைய நம்ம தொண்டையில அழுத்திக்கிட்டுப் பேசணும். நீங்க முதல்ல பேசுங்க. என் குரல் அவங்களுக்குப் பழக்கம் இல்லை, பயந்துடுவாங்க.

— கடிங்க அத்தை, இப்படி, ஆங்... அத்தை. நான்தான், ரெகீனா பேசறேன். கேக்குதா அத்தை?

— உங்குரலா இது? ரெகீனா, உங்குரலாடி? இப்படியா இருந்துச்சு உங்குரலு? மறந்தே போச்சுடி எனக்கு. கனவுலகூட நீ வாய மட்டும் அசைப்ப.

— அழாதீங்க அத்தை, பல்லை எடுக்காதீங்க. டாக்டர் ஐயா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். அதுக்குத்தான் பட்டணத்துலேர்ந்து வந்திருக்காரு. நல்லாக் கேட்டுக்கங்க. ...ஐயா, வாங்க. ‘அதாவது, அதாவது’ன்னு இழுக்காதீங்க. நேராச் சொல்லுங்க.

— அம்மா. நான் டாக்டர் அம்ரைன். உங்க மகன் கிலியான் எண்ணெயால சாகலை. நீங்க ஊத்தின எண்ணெய் ஒண்ணும் பண்ணலை. என் உளி தவறி உள்ள இறங்கிடுச்சு. ரத்தக் குழாய வெட்டிட்டேன். அதனாலதான் செத்தாரு. அன்னிக்கு நான் பொய் சொன்னேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லை. ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுது. கேக்குதா அம்மா?

— கேக்குது.

— ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சா?

— எல்லாம் கேட்டுச்சு. எண்ணெய் ஒண்ணும் பண்ணல. உளிதான்னு சொல்றீங்க.

— ஆமாம்மா. உளிதான். என் கைதான்.

— ரெகீனா, நீதான இவருகிட்டச் சொன்ன? எண்ணெய் ஊத்தினது நான்தான்னு.

— சொன்னேன் அத்தை. இன்னிக்குத்தான் சொன்னேன். அதனால இல்லை, அவரு அதுக்கு முன்னாடியே...

— கட்டை என் பல்லுல இருக்கு, நீ தூரமா நின்னு பேசினா எனக்கு எப்படிடி கேக்கும்? பரவால்ல விடு. நீ சொல்லியிருக்க. அதான் இவரு வந்திருக்காரு.

— அம்மா, கேளுங்க, நான் உங்க சமாதானத்துக்காகச் சொல்லலை. சத்தியமா நடந்தது அதுதான். புத்தகத்துல எழுதப் போறேன்.

— வேணாம் சாமி. எழுதாதீங்க. உங்க பேரு கெட்டுப் போகும். எனக்கு வயசு எழுபத்தி ரெண்டு ஆச்சு, எதுக்கு எனக்காக? அன்னிக்கு என் பழிய இந்தப் பொண்ணு தூக்கித் தன் தலையில வெச்சுக்கிட்டா. அவ வாழ்க்கையே போச்சு. இப்போ நீங்க வாங்கிக்க வந்திருக்கீங்க. எத்தனை பேரு தலையிலதான் நான் இத ஏத்தி வைக்கறது?

— ஐயா, விடாதீங்க, திரும்பச் சொல்லுங்க! அத்தை, கடிங்க, எடுக்காதீங்க! அவரு சொல்றது உண்மை! உளி பட்ட தடத்த நான் பாத்தேன், என் கண்ணால...

— போதும்டி, இருக்கற மூணு பல்லும் ஆடுது. கரண்டிய எடுத்துக்கிட்டுப் போ. உங்குரலக் கேட்டாச்சு, அது போதும் எனக்கு.

— அம்மா! அம்மா, இன்னும் ஒரே ஒரு தரம்! கரண்டியக் கடிங்க அம்மா!

— வாய் அசையுது, என்ன சொல்றாருன்னு தெரியல, அழறாரு. அழாதீங்க டாக்டர் ஐயா. குனிங்க, உங்க நெத்தியில ஒரு சிலுவை போட்டு விடறேன். ஒரு கிழவி நிம்மதியா கண்ண மூடட்டும்னு இப்படி ஒரு பொய்யச் சொல்ல, இந்த உலகத்துல வேற யாருக்கு மனசு வரும்!